வாய்க்கால் நிறம் மாறிய தேதிகள்

"தேதி சொல்லும்மா. அடிக்கடி வருது, அடிக்கடி வருதுன்னா நான் இன்னான்னு எழுதறது?" என்று கேட்டார் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் காலனிக்கு, மூன்று முறை மனு கொடுத்த பிறகு அவர் வந்திருந்தார். சாயப்பொடி செய்யும் கம்பெனியின் பின்சுவரை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அது ஏரியில் விழும். ஏரி நிரம்பினால் பழவேற்காடு காயலுக்குப் போகும். சில நாள் காலையில் வாய்க்கால் மஞ்சளாக வரும், சில நாள் கருஞ்சிவப்பாக. அதற்குப் பிறகு எங்கள் கைப்பம்புத் தண்ணீரில் அலசிய வெள்ளைத் துணி பழுப்பாகிவிடும். அதிகாரி வந்த மதியம் பார்த்து வாய்க்கால் தெளிவாக இருந்தது. ஒரு பாட்டிலில் மொண்டுகொண்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி அவர் மேல், பாதி என் மேல். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. என்னிடம் ஒரு தேதிகூட இல்லை.

அதே சாயக் கம்பெனியில்தான் நான் பேக்கிங்கில் காண்டிராக்ட் வேலை பார்த்தேன். மறுநாள் ஷிஃப்டுக்குப் போகும் வழியில் சிறுபாலத்தில் நின்று வாய்க்காலைப் பார்த்தேன். வீடு திரும்பியதும் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் "தெளிவு" என்று எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டேன். அதற்கடுத்த நாளும் எழுதினேன். "மஞ்சள். நுரை. அழுகிய முட்டை நாற்றம்." சில மாதம் எழுதிய பிறகுதான் ஒன்று உறைத்தது: மழை பெய்த மறுநாள் எல்லாம் நிறம் கெட்டிருந்தது. கம்பெனிக் கழிவை மழையோடு மழையாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

என் கணவருக்கு இரும்புக் கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை. அந்த வருடம் கைப்பம்புத் தண்ணீரில் கழுவிக் கழுவி அவர் காலெல்லாம் அரித்துப் புண்ணாகிவிட்டது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, தோல் டாக்டர் அறைக்கு வெளியே ஓர் அக்கா முக்காட்டுக்குள்ளிருந்து கையை நீட்டிக் காட்டினார். முழங்கை வரை அதே புண். பழவேற்காட்டில் எறா வாங்கி சென்னைக்கு அனுப்பும் குடும்பம். கணவர் இறந்த பிறகு அவரே வியாபாரத்தை எடுத்து நடத்திக்கொண்டிருந்தார்.

"எறா செத்து மெதக்குது மா. தண்ணி செவப்பா வந்தா கூடைய தூக்கினு சும்மா திரும்ப வேண்டியதுதான்," என்றார்.

"என்னிக்கு வந்துச்சுன்னு ஞாபகம் இருக்காக்கா?"

அவர் நம்பரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து தேடினேன். அவர் சொன்ன நாள் என் டப்பாவில் இருந்தது. அதற்கு முந்தின நாள் தாளில் "கருஞ்சிவப்பு" என்று எழுதியிருந்தேன். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேர் ஆனோம். வாய்க்கால் மஞ்சளாக இருந்தால் அவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன், சிவப்பென்றால் இரண்டு. அவர் அங்கே தன் தேதியைக் குறித்துக்கொள்வார்.

விஷயம் எப்படியோ சூப்பர்வைசர் காதுக்குப் போனது. அவர் கத்தவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டார்: "உங்க காலனியில தெருக்குழாய்க்குத் திருகே கெடையாது. தண்ணி வர்ற நேரம் பூரா சாக்கடையில ஓடுது. நீ எங்களுக்குத் தண்ணியப் பத்தி க்ளாஸ் எடுக்கறியா?"

அன்று மூட்டைகளைத் தைத்துக்கொண்டே யோசித்தேன். அவர் சொன்னது பொய் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவின் நான்கு குழாய்க்கும் பிளாஸ்டிக் திருகு வாங்கிப் போட்டேன். செவ்வாய்க்கிழமை இரண்டைக் காணவில்லை. மறுபடி போட்டேன். பக்கத்து வீட்டுப் பெண், "திருகு போட்டா கொடம் நெறைய நேரமாவுது, பேஜாரு புடிச்ச வேல," என்று கழற்றி எறிந்தாள். மூன்றாவது முறை போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். "கழட்டு பார்க்கலாம்" என்றேன். அவள் என்னை முறைத்தாள், குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் திருகு நின்றது. எந்தச் சூப்பர்வைசரும் இனி அதைச் சொல்லிக்காட்ட முடியாது.

பிறகு கம்பெனியை இரண்டு மடங்காகப் பெருக்கப் போவதாகப் பஞ்சாயத்து ஆபீஸில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மக்களிடம் கருத்துக் கேட்கக் கூட்டம் போடுகிறார்களாம். வீட்டில் சண்டை.

"நீ பேசினா உன் வேல போவும். அப்புறம் என்னையும் தூக்குவான்," என்றார் என் கணவர்.

"தூக்கட்டும். உன் கால பாரு."

அவர் காலைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கூட்டத்துக்குப் பந்தல் போட்டு முன்வரிசை நாற்காலி முழுக்கக் கம்பெனி ஆட்களை உட்கார வைத்திருந்தார்கள். பிரியாணிப் பொட்டலம் வேறு. எறாக்கார அக்கா பழவேற்காட்டிலிருந்து வேன் பிடித்து மீனவப் பெண்களோடு வந்து இறங்கினார். என் பேரைக் கூப்பிட்டதும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மைக் முன்னால் போனேன். பேச்செல்லாம் எனக்கு வராது. தாள்களை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். தேதி, நிறம், நாற்றம். தேதி, நிறம், நாற்றம். அந்த நாளில் எறா செத்ததா இல்லையா என்று அக்கா எழுந்து நின்று சொன்னார்.

சூப்பர்வைசர் மேடைப் பக்கம் போய் ஏதோ சொன்னார். மைக் நின்றுவிட்டது. "டைம் முடிஞ்சிடுச்சு மா, உட்காருங்க" என்றார் ஒருவர்.

"இன்னும் ஆறு மாசம் பாக்கி இருக்கு சார்," என்றேன். குரலை உயர்த்திப் படித்தேன். பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை என்று நடுவரிசையில் யாரோ நான் படித்ததைத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார்கள். திரும்பிப் பார்த்தால் குழாய்த் திருகைக் கழற்றி எறிந்தவள். முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். நான் நிறுத்தவில்லை.

முடித்ததும் மேடையில் இருந்த பெரிய அதிகாரி கை நீட்டினார். "அந்தத் தாளெல்லாம் குடுங்கம்மா."

"ஜெராக்ஸ் எடுத்துத் தரேன் சார். வாங்கினேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இது என்கிட்டதான் இருக்கும்."

அவர் சரி என்று தலையாட்டினார்.

அந்த விரிவாக்கம் அப்போதைக்கு நின்றது. ஒரு மழை நாளில், சொல்லாமல் கொள்ளாமல் அதிகாரிகள் வந்து வாய்க்காலில் தண்ணீர் எடுத்தார்கள். பின்சுவரின் அடியில் ஒரு குழாய் இருப்பதைக் கண்டுபிடித்து சிமென்ட் வைத்து அடைத்தார்கள். நான் ஜெயித்தேன் என்று சொல்ல மாட்டேன். வேறு கம்பெனிகள் இருக்கின்றன, வேறு சுவர்கள் இருக்கின்றன. எங்கள் கைப்பம்புத் தண்ணீரை இன்றைக்கும் நாங்கள் குடிப்பதில்லை. ஆனால் அந்தக் குழாய் அடைபட்டது. அதை அடைக்கவைத்தவர்களில் நானும் ஒருத்தி.

கூட்டம் முடிந்த வாரமே என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். என் கணவரை யாரும் ஒன்றும் செய்யவில்லை. தொழிற்பேட்டையில் வேலை கேட்டு ஒவ்வொரு கேட்டாக ஏறி இறங்கினேன். போன இடத்தில் எல்லாம் அதே கேள்வி: "அந்தக் கூட்டத்துல பேசினது நீதானே?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் கேட்டிலேயே வேலை கிடைத்திருக்கும். நான் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. "ஆமா, நான்தான்" என்றேன். ஏழாவது இடம் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனி. கேள்வி கேட்ட மேனேஜர் என் பதிலைக் கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்து ரிஜிஸ்டரில் என் பேரை எழுதினார்.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வந்துடு," என்றார்.