நாலு நிமிசத்துல கலாஸ்

நான் கூட்டித் தொடைக்கிற பில்டிங் ஷார்ஜாவுல இருக்கு. கீழ்த்தளத்துல ஒரு ஜிம்மு. ஓடுற மெஷின் ரெண்டு, ட்ரெட்மில்லும்பாங்க. ஒண்ணு நான் சேந்த நாள்லருந்தே ரிப்பேரு, துண்டு போட்டு மூடிக் கெடக்கு. இன்னொண்ணுலதான் எங்க ரூம் மாப்ள ஓடிப் பழகுனான்.

மாப்ளன்னா சொந்தமில்ல. அவன் என்னைய மாமாம்பான், நான் அவன மாப்ளம்பேன். என் கட்டிலுக்கு மேல் கட்டில் அவனுது. சாரம் கட்டுற வேலை, முப்பத்தாறு வயசு, ஊர்ல ரெண்டு பொண்ணு. போன வருசம் சாரத்துலருந்து விழுந்து எடது முட்டி போச்சு. படி ஏறுறப்பயே பல்லக் கடிப்பான். அதோட கம்பெனியையும் மூடிட்டாங்க, விசாவும் கேன்சலு.

அந்த நேரம் பாத்து ஒருத்தரு ரூமுக்கு வந்தாரு. நம்ம ஆளுதான், நல்ல தமிழு. தண்ணி குடுத்தேன், வேண்டாம்னுட்டாரு. ஏதோ குளிர் நாட்டு ராணுவத்துல சமையக்கட்டு வேலையாம். துப்பாக்கியத் தொடவே வேண்டாமாம். ஒரு வருசம் இருந்தா குடும்பத்துக்கே அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டாம். ஒரே ஒரு டெஸ்ட்டு, மெஷின்ல பன்னெண்டு நிமிசத்துல ரெண்டு கிலோமீட்டர் ஓடிக் காட்டணும்னாரு.

நான் இந்த பில்டிங்குக்கு வர்றதுக்கு முன்னாடி பத்தொம்பது வருசம் லேபர் கேம்புல ஆக்கிப் போட்டவன். ஒரு வேளைக்கு முந்நூறு பேரு. பெரிய அண்டாவ நாலு பேரு தூக்குவோம், ஒருநாள் கைப்பிடி கழண்டு சாம்பார் பூரா தரையில. அன்னைக்கு மட்டுந்தான் நான் ஓடுனேன். மத்தபடி சமையக்காரன் ஓடிப் பாத்ததில்ல. அத அவருகிட்டயே கேட்டேன்.

"சமைக்கிறவனுக்கு எதுக்குங்க ஓட்டம்?"

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டி பெரியவரே"ன்னு சிரிச்சாரு.

பெறகு ஒரு ஃபாரத்த எடுத்தாரு. எனக்கு வாசிக்கத் தெரியாது, அவரே சத்தமா வாசிச்சாரு. பேரு, பாஸ்போர்ட் நம்பரு, ரத்தம் என்ன குரூப்பு, கால் சைஸ் என்ன. கடைசியா, ஏதாவதுன்னா யாருக்குத் தகவல் சொல்லணும். மாப்ள பேனாவ வாங்கி எல்லாத்தையும் எழுதுனான். கடைசிக் கேள்விக்கு என் போன் நம்பர எழுதிட்டான். ராணுவம்னு பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா விடமாட்டா, அதான்.

ஆகஸ்ட் மாசம், வெளிய ஓடுனா சுருண்டு விழுந்துருவான். மத்தியானத்துல ஜிம்முல ஆள் இருக்காது, வாட்ச்மேன்கிட்ட சொல்லி உள்ள விட்டேன். பாவி, நாந்தான் விட்டேன். முட்டி வலி, அதனால மெஷினுக்கு முன்னாடி இருக்குற கம்பிய ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடுவான். பாரம் பூரா கையில. பத்து நாள்ல ரெண்டு கிலோமீட்டர் வந்துருச்சு.

நாலாவது மாடி அம்மாவுக்கு ஓட்டம் சொல்லிக்குடுக்க ஒரு பொண்ணு வரும். கம்பியப் பிடிச்சா ஓடுனதா சேராது மேடம், கைய எடுங்கன்னு அது தெனமும் சொல்லும். தரை தொடைக்கிறவன் காதுல எல்லாம் விழும்ல. கம்பிய விட்டா மாப்ள ஒரு நிமிசம் தாங்கமாட்டான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயத் தெறக்கல. டெஸ்ட்டுல கைய எடுக்கச் சொல்லுவாங்க, ஃபெயிலாயிருவான், அதுதான் எனக்கு வேணும்.

இன்னொரு தைரியமும் இருந்துச்சு. இந்த ஊர்ல எந்த டெஸ்ட்டும் மொத தடவ பாஸ் போடமாட்டான். நான் லைசென்ஸுக்கு ஒம்போது தடவ போனவன். மொத தடவ வண்டிய நல்லாத்தான் ஓட்டுனேன், பக்கத்துல இருந்த போலீஸ்காரரு கொட்டாவி விட்டுக்கிட்டே, "கலாஸ், எறங்கு"ன்னாரு. முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். அப்படி ஒம்போது கலாஸ் கேட்டேன். கடைசி வரைக்கும் லைசென்ஸ் வரல, கரண்டியோட நின்னுட்டேன். குவைத்து மங்காஃப்ல என் பழைய ஃபோர்மேன் இருக்காரு. அவருகிட்ட மாப்ளைக்கு ஸ்டோர் வேலை ஒண்ணு சொல்லி வச்சிருந்தேன். விசாவுக்கு ஒரு மாசம் ஆகும்னாரு, அம்புட்டு நாள் காத்திருக்க மாப்ள தயாரில்ல. ஒரு தடவ ஃபெயிலானாப் போதும், அதுக்குள்ள அது வந்துரும்னு நெனச்சேன்.

டெஸ்ட்டு தொழில்பேட்டையில, டயர் கடைக்குப் பின்னாடி ஒரு குடோன்ல. நானும் கூடப் போனேன். உள்ள ஒரு மெஷினு, ஒரு நாற்காலி, போனப் பாத்துக்கிட்டு ஒரு ஆளு. மாப்ளைக்கு முன்னால ஏறுனவருக்கு அம்பத்தஞ்சு இருக்கும், என்னைய விட ரெண்டு மூணு வயசுதான் கம்மி, நல்ல தொப்பை. ஓடக்கூட இல்ல, நடந்தாரு. பாஸுன்னான்.

மாப்ள ஏறி, கம்பியப் பிடிச்சுக்கலாமான்னு இந்தியில கேட்டான். அந்த ஆளு தலையத் தூக்கவே இல்ல. பிடிச்சுக்கோ, பிடிச்சுக்கோன்னான். நாலு நிமிசந்தான் ஆயிருக்கும். "கலாஸ், பாஸ்"னு கையக் காட்டி எறக்கிட்டான். மூலையில பூட்ஸு மலையாக் குமிஞ்சு கெடந்துச்சு. சமையக்கட்டுல போடுற பூட்ஸ் எனக்குத் தெரியும். அது இல்ல அது.

வெளிய வந்து அவன் கையப் பிடிச்சேன். "போகாத மாப்ள. இம்புட்டு லேசா பாஸ் போடுறவன் நல்லதுக்குப் போடல."

"ஒம்போது தடவ ஃபெயிலானவரு மாமா நீங்க. வயித்தெரிச்சல்"னு சிரிச்சான். முட்டியத் தடவிக்கிட்டேதான் சிரிச்சான்.

கம்பி விசயத்த அப்பத்தான் சொன்னேன். அது சரியான ஓட்டமே இல்லடா, தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன்னேன். "அதான் அவங்களே பிடிச்சுக்கச் சொல்லிட்டாங்களே மாமா"ன்னான்.

நாலாம் நாளு ஃபிளைட்டு. போய் எறங்கி ஒரு போட்டோ அனுப்புனான். சுத்தி ஒரே சேறு, கால்ல அந்த பூட்ஸு. கையில கரண்டி இல்ல. அதுக்கப்பறம் போன் இல்ல. மூணாவது வாரம் குவைத்து விசா வந்துருச்சுன்னு ஃபோர்மேன் கூப்புட்டாரு. சமையல் வேலைன்னு மட்டும் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கான். அது வாரத்துல ரெண்டு தடவ போன் பண்ணிக் கேக்குது, சமையல்ல பிஸியா இருப்பான்மான்னு சொல்லிக்கிட்டிருக்கேன்.

நேத்து மத்தியானம் ஜிம்முல மெஷினத் தொடைச்சுக்கிட்டிருந்தேன். பையில போன் அடிச்சுச்சு. எடுத்துப் பாத்தா நீளமா ஒரு நம்பரு, எந்த ஊர்னு தெரியல. ஏதாவதுன்னா கூப்புடச் சொல்லி அந்த ஃபாரத்துல இருக்குறது என் நம்பருதான். அதக் கீழ வச்சுட்டு, அடிச்சு ஓயுற வரைக்கும் அந்தக் கம்பியவே தொடைச்சுக்கிட்டு நின்னேன்.