நான் மாற்றாத வடிகட்டி

கலைவாணியின் தொண்டையில் முளைத்த மருவுக்கு நான் காரணமாக இருக்கலாம். அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லுக்குப் பின்னால்தான் இத்தனை நாள் ஒளிந்திருந்தேன். ஆனால் வடிகட்டியை மாற்றாமலே மாற்றியதாகக் காட்டியவன் நான். அதில் 'இருக்கலாம்' கிடையாது!

ஒரகடத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் ஆபரேஷன் தியேட்டரில் நான் டெக்னீஷியன். அதற்குமுன் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனி லைனில் நின்றவன். அங்கே சென்சார் கத்தினால் லைன் நிற்கும். லைன் நின்றால் சூப்பர்வைசர் கத்துவார். சென்சார்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவேன். லைன் ஓடும்! கெட்டிக்காரன் என்றார்கள். நானும் நம்பித் தொலைத்தேன்.

நோயாளியின் தொண்டை மருவை லேசரால் சுடும்போது நூல்போலப் புகை எழும். விளக்கொளியில் நீலமாய்ச் சுருளும்... என்ன அழகு! அதை உறிஞ்ச ஓர் இயந்திரம் உண்டு. வடிகட்டியின் ஆயுள் முடிந்தால் பீப் அடிக்கும். ஒருநாள் அறுவையின் நடுவே அடித்தது.

"என்னய்யா சத்தம்? நிறுத்து அத!" என்றார் டாக்டர்.

கைவசம் வேறு வடிகட்டி இல்லை. தீருமுன்பே எழுதி வாங்கியிருக்க வேண்டியவன் நான்தான். வடிகட்டி ஓடிய நேரத்தைக் காட்டும் கணக்கியை, புதிது போட்டதுபோல, பொத்தானை அழுத்திப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன். சத்தம் அடங்கியது.

மறுநாளாவது கேட்டு எழுதினேனா? இல்லை! 'தீரும்வரை என்ன செய்தாய்' என்று கேட்பார்களே... பீப் அடிக்கும்போதெல்லாம் அதே விரல், அதே பொத்தான். பதிவேட்டில் 'மாற்றப்பட்டது' என்று கையெழுத்து. தீயில் பட்ட கிருமி எது பிழைக்கும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது இரண்டு வருடம் ஓடியது!

கலைவாணி வல்லம் வடகால் பெண். எங்கள் தியேட்டர் நர்ஸ். டாக்டரின் தோளை ஒட்டி, புகைக்கு நேரே முகம் வைத்துக் கருவி எடுத்துக் கொடுப்பவள். நானோ இயந்திரத்துக்குப் பின்னால், கதவோரம்.

அவள் குரல் கம்மியது. சளி என்றாள். மாதக்கணக்கில் கம்மியபடியே இருந்தது. எங்கள் டாக்டரே குழாய் விட்டுப் பார்த்தார். குரல்நாணில் மரு... நாங்கள் நோயாளிகளுக்குச் சுட்டெடுத்த அதே வகை!

"உறுதியா சொல்ல முடியாது. ஆனா புகையில மருவோட கிருமி வரலாம்," என்றார்.

எனக்கு மெய்சிலிர்த்தது. சதையைக் கருக்கும் நெருப்பிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத ஒன்று தப்பி, புகையில் ஏறி, இன்னொரு தொண்டையில் குடியேறுமா? எத்தனை பெரிய விந்தை! பயத்துக்கு முன்னால் வியப்புதான் வந்தது. அதற்காகவும் வெட்கப்படுகிறேன்.

கலைவாணி என்னைக் காட்டிக் கரகரத்த குரலில் குறுக்கிட்டாள். "இங்க வந்திருக்காது சார். அண்ணன்தான் ஃபில்டர பாத்துப் பாத்து மாத்திக்கினு இருக்காரே!"

அப்போதாவது வாய் திறந்தேனா? தலையாட்டினேன்!

போன வாரம் அதே தியேட்டரில் அவளுக்கு லேசர். புது வடிகட்டி கேட்டு எழுதினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை! நானே பொருத்தினேன். புகை எழுந்த கணமே குழாய்க்குள் போனது. இவ்வளவு எளிதா இது?

சில நாள் பேசக்கூடாது என்பதால், விழித்ததும் தாள் கேட்டு எழுதினாள்: "மிஷின் நல்லா இழுத்துச்சாண்ணா? உள்ள நின்ன பொண்ணுங்களுக்கு ஒண்ணும் ஆவாதே?"

தலையாட்டினேன். நிம்மதியாகக் கண்மூடிக்கொண்டாள்.

மரு மறுபடி முளைக்கலாம் என்கிறார் டாக்டர். அவளிடம் இன்னும் நான் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்லியிருக்கிறேன்.