நிறப் பேஸும் வீணை ரீச்சரின்ர இரண்டு விரலும்

நகம் பூசிறது, வெளியிலை நிண்டு பாக்கிறவைக்கு வலு சொகுசான தொழில்: கதிரையிலை இருந்தபடியே ஊர்ச் சனத்தின்ர கையைப் பிடிச்சுக்கொண்டிருக்கலாம். கழுத்து நோவும் இடுப்பு நோவும் குனிஞ்சு வேலை செய்யிற ஆக்களுக்குத்தான் தெரியும். தையல் மிசினிலை இருக்கிறவை, தலைமயிர் வெட்டிறவை, பல்லுக் கட்டிறவை எல்லாரும் இந்த விசயத்திலை எனக்குச் சொந்தம். உங்களுக்குச் சொன்னா விளங்கும் எண்ட நம்பிக்கையிலைதான் எழுதிறன்.

என்ர கடை திருகோணமலையிலை, உள்துறைமுகப் பக்கம் இறங்கிற றோட்டிலை இருக்கு. நானும் பஸ்லியாவும் பங்கு. இரண்டு மேசை, இரண்டு லாம்ப், ஒரு அலுமாரி நிறையப் போத்தில். நாங்கள் பூசிறது ஜெல். லாம்புக்குள்ளை கையை வைச்சாத்தான் அது இறுகும். ஜெல்லுக்கு அடியிலை முதல் பூசிறதைத்தான் பேஸ் எண்டுறது. முந்தி அது தண்ணி மாதிரி, நிறமே இல்லை. இப்ப நிறத்தோட வருது. அதை மட்டும் பூசினாலே காணும், நகத்திலை இருக்கிற கறை, கோடு, வெடிப்பு எல்லாத்தையும் மூடிப்போடும்.

அந்த மூடிப்போடுற குணத்தாலை, மைதிலி எண்டு ஒரு வீணை ரீச்சரின்ர இரண்டு விரலை நான் கெடுத்துப்போட்டன். அதைச் சொல்லத்தான் பேனை எடுத்தனான். நேரை சொல்ல வெக்கமாக் கிடக்கு. கொஞ்சம் சுத்தி வாறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

பேர் மாத்தின கதை

நிறப் பேஸ் முதல் வந்தபோது எல்லாப் போத்திலிலையும் ஒரே பேர்தான், நியூட். நியூட் ஒண்டு, நியூட் இரண்டு, நியூட் மூண்டு. எந்தக் குளிர் நாட்டுத் தோலைப் பாத்துச் செய்தவங்களோ தெரியாது, எங்கட கையிலை பூசினாச் சுண்ணாம்பு தடவின மாதிரி நிக்கும். மூண்டாம் நம்பர் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. ஒருநாள் கடை நிறையச் சனம். நான் இந்தப் பக்கம் இருந்து பஸ்லியாவுக்குக் கத்தினன், "இவவுக்கு நியூட் மூண்டு எடுங்கோ!" வாசலிலை கெல்மெட்டை மடியிலை வைச்சுக்கொண்டு மனுசிக்குக் காவல் இருந்த மனுசன் துள்ளி எழும்பி உள்ளுக்கு வந்திட்டார். அவற்ற மனுசி சிரிச்ச சிரிப்பிலை பூசினதெல்லாம் தோலிலை இழுபட்டுப்போச்சு.

அண்டைக்கே நானும் பஸ்லியாவும் போத்திலுக்கெல்லாம் வெள்ளை ரேப் ஒட்டிப் புதுப் பேர் எழுதினம். பால் தேத்தண்ணி, பணிஸ், தொதல், வட்டிலப்பம், எல்லாம் எங்கட ஊர்த் தீனின்ர நிறம். சனத்துக்கும் அது லேசாப்போச்சு. ஆனா பேரைப் பாத்தோ போத்திலைப் பாத்தோ நிறம் எடுக்கப்படாது. ஒரு சொட்டு நகத்திலை வைச்சு, வாசல் வெளிச்சத்திலை விரல் மொழித் தோலோட சேத்துப் பாக்க வேணும். பால் தேத்தண்ணிதான் வேணும் எண்டு அடம்பிடிச்சு வந்தவை கனபேர் தொதலோட சந்தோசமாப் போயிருக்கினம். அடுத்த மாசம் அந்தக் கெல்மெட்காரர் தானே உள்ளுக்கு வந்து, குரலைத் தணிச்சுச் சொன்னார்: "அக்கா, இவவுக்குப் பணிஸோ தொதலோ விருப்பமானதைப் போடுங்கோ, அந்த மற்றப் பேரை மட்டும் வாயிலை எடுக்காதேங்கோ."

இரண்டு விரல் மட்டும்

மைதிலி ரீச்சருக்கு முப்பத்திரண்டு முப்பத்திமூண்டு வயசிருக்கும். வீடு ஓர்ஸ் ஹில்லிலை. பள்ளிக்கூடத்திலை சங்கீதம் படிப்பிச்சு, பின்னேரம் வீட்டிலை பிள்ளையளுக்கு வீணை சொல்லிக்குடுக்கிறவ. முதல்நாள் வந்து, "வலது கையிலை சுட்டுவிரலும் நடுவிரலும் மட்டும் பூசுவீங்களோ?" எண்டு கேட்டவ. தந்தியை மீட்டி மீட்டி அந்த இரண்டு நகமும் கீலம் கீலமா வெடிச்சிருந்தது. நிறம் வேண்டாம், பலம் மட்டும் காணும் எண்டா. நான் நிறமில்லாத பேஸை இரண்டு தரம் மெல்லிசாப் பூசிவிட்டன். மூண்டு கிழமைக்கு ஒருக்கா வருவா. பத்து விரலுக்குப் பதிலா இரண்டு விரல் எண்டாலும் எனக்கு அவவிலை சரியான விருப்பம். நவராத்திரிக்குப் பள்ளிக்கூடத்திலை நடக்கிற வாணி விழாவிலை முதல் தனிய இருந்து வாசிக்கிறது அவதான், பிறகுதான் பிள்ளையள்.

ஒருநாள் நான் சும்மா கேட்டன், கம்பி வளையம் விரலிலை மாட்டி வாசிக்கிறவையும் இருக்கினம்தானே, ஏன் இவ்வளவு கரைச்சல் எண்டு. ரீச்சர் அந்த இரண்டு விரலையும் வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்துக்கொண்டு சொன்னா: "அது கம்பியும் கம்பியும் கதைக்கிற சத்தம் அக்கா. எனக்கு என்ர சத்தம் வேணும்."

ஆறு நாள் பேஸ்

உரிச்செடுக்கிற பேஸ் எண்டு ஒண்டு இருக்கு. நாலைஞ்சு நாளிலை ஓரத்தைக் கிளப்பினா, வெங்காயத் தோல் மாதிரி முழுசா வந்திடும். எங்கட முஸ்லிம் கஸ்டமர்மாருக்காகவே எடுத்து வைச்சிருக்கிறம். தொழுகைக்கு முதல் கை கால் கழுவேக்கை தண்ணி நகத்திலை பட வேணும், பூச்சிருந்தாப் படாது. அதாலை மாதவிலக்காலை தொழுகை இல்லாத அந்த ஐஞ்சாறு நாளுக்கு மட்டும் பூசிக்கொண்டு, பிறகு உரிச்செறிஞ்சு போடுவினம். கிண்ணியாவிலை இருந்து ரிஸ்வானா எண்டு ஒரு தங்கச்சி பாலம் தாண்டி பஸ்ஸிலை வருவா. கலியாணம் முடிச்சு ஏழு வருசம், இன்னும் பிள்ளை இல்லை. இருக்கிறதுக்குள்ளை நல்ல பளீர் ரோசாவைத்தான் எடுப்பா.

அவ வந்தாக் கடை கலகலக்கும். நாள் தவறாமல் வாறவ எண்டு நானும் பஸ்லியாவும் அவவைத் தலையிலை தூக்கி வைச்சுக் கொண்டாடுவம். ஒருக்கா நான் லாம்பிலை அவவின்ர கையை வைச்சுக்கொண்டு, "உங்களை மாதிரி மாசம் தவறாமல் வாற ஆள் எங்களுக்கு வேறை இல்லை, இப்பிடியே வந்துகொண்டிருங்கோ" எண்டு பெரிய உபசாரமாச் சொல்லிப்போட்டன். பஸ்லியா மேசைக்குக் கீழாலை என்ர காலிலை இடிச்சவள். எனக்கு விளங்கேல்லை. ரிஸ்வானா சிரிச்ச முகம் மாறாமல் சொன்னா: "கோவிக்காதீங்க ராத்தா, ஒங்கட கடைக்கி வராம இருக்கத்தான் நான் மாசா மாசம் துஆ கேக்குறன்."

ஒண்டுமே இல்லாத மாதிரி

இனித்தான் ரீச்சரின்ர கதை. வாணி விழாவுக்கு ஐஞ்சு கிழமை கிடக்கேக்கை ரீச்சர் வந்து கையை நீட்டினா. நிறமில்லாத பேஸுக்குள்ளாலை எல்லாம் தெரிஞ்சது. இரண்டு நகத்தின்ர நுனியும் சதையை விட்டுக் கிளம்பி வெள்ளையா நிண்டது. சுத்திவர தோல் சிவந்து காய்ஞ்சிருந்தது. "அக்கா, இரவிலை விரல் நுனி கடிக்குது, சொறிஞ்சாலும் அடங்குதில்லை. தந்தியிலை வைச்சா எரியுது. உந்தப் பூச்சாலையோ?" எண்டு கேட்டா.

உள்ளதைச் சொல்லுறன். எனக்கு அந்த நேரம் வந்த முதல் எண்ணம், ஆள் போயிடுவாவோ எண்டதுதான். "சவுக்காரமா இருக்கும் ரீச்சர், பழகினாச் சரியாப்போயிடும்" எண்டு சொல்லிக்கொண்டே நிற அட்டையை எடுத்து விரிச்சன். வெள்ளை தெரியாமலிருக்கப் பணிஸ் நிறத்தை எடுத்து மொத்தமா ஒரே பூச்சாப் பூசினன். நிறம் கூடின பேஸ் லாம்ப் வெளிச்சத்தை உள்ளுக்கு விடாது, மெல்லிசா மெல்லிசாப் பூசி ஒவ்வொரு தரமும் காட்ட வேணும் எண்டு எனக்குத் தெரியாததோ? மொத்தமாப் பூசினா, மேலை சிவந்து உள்ளுக்கு மாவாக் கிடக்கிற பாண் மாதிரித்தான், அடியிலை பச்சையாவே நிக்கும். அந்தப் பச்சைப் பசைதான் தோலுக்கு நஞ்சு. ஓரத்துத் தோலிலையும் கொஞ்சம் பட்டது. துடைக்கவும் இல்லை, கெதியா லாம்புக்குள்ளை வைச்சிட்டன். ரீச்சர் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, எனக்கு நன்றியும் சொல்லிச் சொன்னா: "இப்பப் பாத்தா ஒண்டுமே இல்லாத மாதிரி இருக்கு அக்கா, நல்ல வடிவு."

வாணி விழா

மூண்டு கிழமையாலை திரும்பி வரேக்கை இரண்டு விரல் நுனியும் வெடிச்சுத் தண்ணி கசிஞ்சது. பூச்சை எடுத்தா, நகம் பாதிக்கு மேலை சதையை விட்டுப் போயிருந்தது. பாவம், அவ சவுக்காரத்தை மாத்தி, உடுப்புத் தோய்க்கிறதை விட்டு, குசினிப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறா. நான் சொன்ன ஒரு வாய்ப் பேச்சுக்காக! அப்பவும் நான் "கொஞ்ச நாள் பூசாமல் விடுங்கோ" எண்டு மட்டும் சொல்லி அனுப்பினன்.

விழாவுக்கு நானும் போனன், அக்காவின்ர மகள் அந்தப் பள்ளிக்கூடம். மேடையிலை ரீச்சரின்ர இடத்திலை ஒரு பெரிய வகுப்புப் பிள்ளை இருந்து வாசிச்சுது. ரீச்சர் கீழை ஓரத்திலை, வலது கையைச் சேலைத் தலைப்புக்குள்ளை ஒளிச்சுக்கொண்டு, இடது கையாலை துடையிலை தாளம் போட்டபடி இருந்தா. பக்கத்துக் கதிரையிலை, ரீச்சரிட்டை வீணை படிக்கிற ஒரு பிள்ளையின்ர தாய், எங்கட கடைக்கு வாறவதான். என்ர காதுக்குள்ளை சொன்னா: "ரீச்சருக்கு விரலிலை ஏதோ தொத்து வருத்தமாம் அக்கா, பிள்ளையை நான் வேறை இடத்துக்கு மாத்தப்போறன்." தொத்து இல்லை எண்டு சொல்ல எனக்கு ஒரு நிமிசம் காணும். நான் மேடையைப் பாத்துக்கொண்டிருந்தன்.

என்ர முறை

தைப்பொங்கலுக்குப் பிறகு என்ர பெருவிரலும் சுட்டுவிரலும் கடிக்கத் தொடங்கிச்சு. பூசிற பிரஷைப் பிடிக்கிற இரண்டு விரல். முதல் நான் என்ன செய்தன் எண்டு நினைக்கிறீங்கள்? தொதல் நிறத்தை எடுத்து என்ர நகத்திலையும் பூசி மூடினன்! விசர் எண்டா இதுதான். பஸ்லியா நாலு நாள் பொறுத்துப் பாத்திட்டு, ஐஞ்சாம் நாள் என்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு தோல் டொக்டரிட்டைப் போனாள்.

டொக்டர் ஒரு இளம் பொம்பிளை, ஆறுதலாக் கதைக்கிறவ. இது தொத்தும் இல்லை, சவுக்காரமும் இல்லை எண்டா. இறுகாத ஜெல் தோலிலை பட்டுப் பட்டு, ஒரு கட்டத்திலை உடம்பு அதைப் பகையா எடுத்துப்போடுமாம். பகை வந்தாப் பிறகு பழகிச் சரியாப்போறது எண்ட கதையே இல்லையாம், படாமல் இருக்கிறது ஒண்டுதான் வழி. அவ்வளவையும் கேட்டு நான் தலையாட்டிக்கொண்டு இருந்தன். என்ர தொழில் போச்சே எண்ட கவலைதான் எனக்கு. மருந்து எழுதிற பேனையை வைச்சிட்டு டொக்டர் நிமிந்து பாத்துக் கேட்டா: "உங்களிட்டை வாறவை ஆராவது இப்பிடிக் கடிக்குதெண்டு சொன்னவையோ?"

ரீச்சர் வீட்டு வாசல்

அண்டைக்குப் பின்னேரமே ஓர்ஸ் ஹில் ஏறினன். ரீச்சரின்ர வீட்டிலை வீணை உறைக்குள்ளை கிடந்தது. மூண்டு பிள்ளையள் மட்டும் இருந்து பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தினம். முந்தி வாசல் நிறையச் செருப்புக் கிடக்கிற வீடு. பிள்ளையள் போனாப் பிறகு நான் எல்லாத்தையும் சொன்னன். பூச்சுத்தான் எண்டு எனக்கு அப்பவே ஐமிச்சம் வந்தது, தெரிஞ்சுகொண்டுதான் மூடினனான், விழாவிலை கேட்டதுக்கும் வாய் திறக்கேல்லை எண்டு. சொல்லேக்கை அழுதுபோட்டன். என்ர விரலையும் காட்டினன். ரீச்சர் அழேல்லை, ஆறுதலும் சொல்லேல்லை. தேத்தண்ணி மட்டும் ஊத்தித் தந்தா.

விட்டுப்போன பிள்ளையளின்ர வீடுகளுக்கு நானே போனன். தொத்து இல்லை, என்ர பிழை எண்டு ஒவ்வொரு வாசலிலையும் நிண்டு சொன்னன். கொஞ்சப்பேர் திரும்பிப் போயிருக்கினம், எல்லாரும் இல்லை. ரீச்சரின்ர நடுவிரல் நகம் முழுசா வளந்திட்டுது, சுட்டுவிரல் இன்னும் பாதி வழியிலை நிக்குது. கடையிலை இப்ப பூச்செல்லாம் பஸ்லியாதான், நான் கையுறை போட்டுக்கொண்டு பழசு எடுக்கிறதும் நகம் ராவுறதும். புதுசா வாற ஆருக்கும் முதல் தரம் நிறமில்லாத பேஸ்தான், உள்ளுக்கு நடக்கிறது எங்களுக்கும் தெரிய வேணும். அதாலை சில ஆக்கள் முகத்தைச் சுழிச்சுக்கொண்டு வேறை கடைக்குப் போறவை, போகட்டும்.

ஆனா அண்டைக்கு ஓர்ஸ் ஹில்லிலை நான் வெளிக்கிடேக்கை, ரீச்சர் வாசல் வரைக்கும் வந்தவ. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஏசினாலும் பரவாயில்லை, ஏதாவது சொல்லுங்கோ ரீச்சர் எண்டன். அவ ஏசேல்லை. சத்தமும் உயரேல்லை. என்ர முகத்தைப் பாத்துச் சொன்னா: "நான் கடிக்குது எண்டு சொன்னனான் அக்கா. நீங்கள் நிறம் காட்டினீங்கள்."

இந்தத் தொழிலுக்குக் கை நடுங்காமல் இருந்தாக் காணும் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன். காதும் கொஞ்சம் கேக்க வேணுமாம்.