மூன்றாவது மெமோவும் மேற்குப் பக்கத்து ஜன்னலும்

பாலியஸ்டர் ஓடும் ரிங் ஃப்ரேமுக்கு, அதாவது நூல் நூற்கும் மெஷினுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால், கையில் இருக்கிற முடியெல்லாம் சாமி வந்த மாதிரி எழுந்து நிற்கும். தொடவே வேண்டாம்... ஒரு சாண் தூரம் போதும்.

எண்பதுகளின் தொடக்கம். வாடிப்பட்டி ரோட்டில் ஒரு சின்ன நூல் மில். பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்த கையோடு அங்கே பகல் ஷிஃப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். தல்லாகுளத்திலிருந்து தினமும் பஸ். இந்த மில்லிலேயே எலக்ட்ரானைப் பற்றிப் படித்த ஒரே ஆள் நாம்தான் என்கிற நினைப்பு தலையில் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அதுவரை அங்கே வெறும் பருத்திதான். அந்தச் சித்திரையில், சோதனை பார்க்கலாம் என்று மேற்கு ஓரத்துக் கடைசி ஃப்ரேமில் மட்டும் பாலியஸ்டர் கலந்து நூற்க ஆரம்பித்தோம். பகலில் அந்த ஃப்ரேமைப் பார்த்துக்கொண்டவர் பேச்சியம்மா அக்கா. பேரையூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எட்டு வருஷமாகத் தற்காலிக வேலை. அந்த வருஷம் பெர்மனன்ட் ஆக்குவதாகப் பேச்சு இருந்தது. ஆனால் மூன்று மெமோ வாங்கினால் வீட்டுக்குத்தான்.

மத்தியானம் ஆனால் அவர் ஃப்ரேம் படுத்திவிடும். இழை அறுந்து ரோலரில் சுற்றிக்கொள்ளும். கூடை கூடையாகக் கழிவுப் பஞ்சு. கேட்டால், "இரும்பத் தொட்டாலே சுளீர்னு அடிக்குது சார். பெறகு எங்கிட்டு இழைய ஒட்ட?" என்பார்.

எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எரியவே இல்லை.

"லைன்ல ஒண்ணுமில்ல சார். அக்கா சும்மா சொல்லுது."

"நான் ஏண்ணே பொய் சொல்லப் போறேன்? ஒங்க கைய வச்சுப் பாருங்க!"

அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அடுத்த ஷிஃப்டில் அதே ஃப்ரேம் அருமையாக ஓடுகிறதே! அப்புறம் யார் மேல் தப்பு? கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. பத்து நாளில் இரண்டு மெமோ. இரண்டிலும் என் கையெழுத்து.

மூன்றாவதையும் டைப் அடித்து வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ஷிஃப்ட் முடிந்ததும் கொடுப்பதாகத் திட்டம்.

அன்றைக்கு ஒரு மணி வாக்கில் புழுதிக் காற்று கிளம்பியது. நூலில் மண் படிந்துவிடுமே என்று ஓடிப்போய் மேற்கு ஜன்னலைச் சாத்தினேன்.

அந்த ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில்லுக்குள் எப்போதும் ஈரக் காற்றை விட்டுக்கொண்டே இருப்பார்கள். இட்லிக் கொப்பரைக்குள் நிற்கிற மாதிரி புழுங்கும். எல்லோரும் வேர்த்து வழிகிறார்களே என்று, பெயின்ட் ஒட்டி இறுகிக் கிடந்த அந்த ஜன்னலை நான்தான் கடப்பாரை வைத்துத் திறந்தேன். தினமும் பதினொரு மணிக்குத் திறப்பேன். போகும்போது பொறுப்பாக மூடிவிட்டும் போவேன். "நல்லாயிருப்பீக சார்" என்று முதலில் வாழ்த்தியதே பேச்சியம்மா அக்காதான்.

ஜன்னலைச் சாத்தி ஒரு மணி நேரம் இருக்கும். கடைசி ஃப்ரேம் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இழை அறுபடவில்லை.

ஃப்ரேமையும் சாத்திய ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தேன்.

மறுபடி திறந்தேன். முக்கால் மணி நேரத்தில் பஞ்சு ரோலரில் சுற்ற ஆரம்பித்தது. அக்கா மாதிரியே ரப்பர் செருப்போடு நின்று, பாலியஸ்டர் நூல் சுற்றிய பாபின்களைக் கொஞ்ச நேரம் கையில் உருட்டிவிட்டு, முதல் தடவையாக அந்த இரும்பில் விரலை வைத்தேன். சுளீர்!

காலேஜில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய அதே பாடம். இரண்டு பொருள் உரசினால் மின்னூட்டம் புதிதாகப் பிறப்பதில்லை. ஒன்றிலிருந்து எலக்ட்ரான் கிளம்பி இன்னொன்றுக்குப் போகிறது, அவ்வளவுதான். வாங்கியது மைனஸ், இழந்தது ப்ளஸ். காற்றில் ஈரம் இருந்தால் அந்த மின்னூட்டம் சத்தமில்லாமல் கசிந்து போய்விடும். பருத்தியும் ஈரத்தை வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் வைத்துக்கொள்ளாது. சித்திரை மாசத்து வறண்ட காற்றை நான் உள்ளே விட்டால் மின்னூட்டம் எங்கே போகும்? அக்காவின் உடம்பில் ஏறி உட்கார்ந்து, இரும்பைத் தொட்டதும் தாவும். லைனில் கோளாறே இல்லாதபோது டெஸ்டர் எப்படி எரியும்?

மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் இரண்டு மெமோவையும் கிழிக்கச் சொன்னேன். மனுஷன் எலக்ட்ரானை எல்லாம் கேட்டுக்கொள்ளவில்லை.

"அப்ப தப்பு யாரு மேல தம்பி?"

"என் மேல சார்."

"மூணாவது மெமோவ எடு."

பேச்சியம்மா என்ற பெயரைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே என் பெயரை எழுதி என்னிடமே நீட்டினார்.

வெளியே வந்து அக்காவிடம் எலக்ட்ரான், ப்ளஸ், மைனஸ் என்று ஆதியோடந்தமாக விளக்கினேன். வெட்கத்தில் கொஞ்சம் கூடுதலாகவே விளக்கிவிட்டேன். இடுப்பில் கைவைத்து முழுசாகக் கேட்டார்.

"கண்ணுக்குத் தெரியாதது எடம் மாறுனதுக்கு, கண்ணுக்குத் தெரியுற என்னையப் பிடிச்சீகளே சார்!"

அவரே போய் ஜன்னல் கொக்கியைக் கயிறு போட்டுக் கட்டினார். ஆடி மாதம் பெர்மனன்ட் ஆனார்.

இப்போதைய மில்களில் ஈரப்பதம் எவ்வளவு என்று சுவரிலேயே எழுத்து ஓடுகிறது. குறைந்தால் தானாகவே மணி அடிக்கிறது. எந்தச் சூப்பர்வைசரும் கடப்பாரை தூக்க வேண்டியதில்லை. நல்லதுதான்... நாங்கள் அந்தப் புழுக்கத்துக்குள் நின்று கற்றுக்கொண்டோம்.

அந்த மெமோ இன்னும் என் பீரோவில் இருக்கிறது. போன வாரம் எடுத்துப் பார்த்தேன். மேனேஜர் பேனாவால் எழுதிய என் பெயர் வெளுத்துப்போய்விட்டது. அடித்த கோட்டுக்குக் கீழே, டைப் அடித்த பேச்சியம்மா அக்காவின் பெயர் மட்டும் பளிச்சென்று படிக்க முடிகிறது.