குளத்தில் இறங்காத தங்கமீன்கள்

மீன் டாக்டரம்மா என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். உண்மையில் அவள் டாக்டர் இல்லை. மீன் நோய் ஆய்வுக்கூடத்தில் வைரஸ் பரிசோதனை செய்பவள். அந்த வேலையில் அவள் சேர்ந்தபோது விழுந்து விழுந்து சிரித்தவர்களில் அலங்கார மீன் பண்ணை வைத்திருந்த அவளுடைய அண்ணனும் ஒருவன்.

ஒருமுறை அவன் வெளியிலிருந்து தங்கமீன்கள் வாங்கி வந்தான். அவன் குளத்தில் ஏற்கெனவே பல வருஷமாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வளர்த்த தாய் மீன்கள் இருந்தன. அவற்றோடு கலப்பதற்கு முன் பரிசோதிக்க வேண்டும் என்று தங்கை ஒற்றைக்காலில் நின்றாள். சரி, தொலையட்டும் என்று புது மீன்களைத் தனித்தொட்டியில் விட்டான். அவையோ பளபளவென்று மின்னின, தீவனத்துக்கு முண்டியடித்தன. அவள் சிலவற்றை ஆய்வுக்கூடத்துக்குப் பிடித்துக்கொண்டு போனாள்.

செவுளிலும் சிறுநீரகத்திலும் துளித்துளி எடுத்து அரைத்து, மரபணுவைப் பிரித்துக் கருவியில் வைத்தாள். வைரஸ் இருந்தால் மட்டும் ஏறும் கோடு திரையில் மெல்ல மேலே ஏறியது. எங்காவது கை தவறியிருக்குமோ என்று வேறு மீன்களை எடுத்து முதலிலிருந்து செய்தாள். ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீர் வைத்த குழாயில் கோடு படுத்தே கிடந்தது. மீன் குழாயில் மறுபடியும் ஏறியது.

"அண்ணே, குளத்துல விட்டுடாதீங்க. வைரஸ் இருக்கு."

"நோய் வந்த மீனா இப்படித் திங்கும்? என்னைவிட நல்லா இருக்குடி!"

"இப்ப உள்ளுக்குள்ள பதுங்கி இருக்கு. தண்ணி குளுந்தா தலைதூக்கிடும். அப்புறம் உங்க தாய் மீன் ஒண்ணுகூட மிஞ்சாது."

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே போனான். ஆனாலும் மீன்களைத் தொட்டியை விட்டு நகர்த்தவில்லை.

மழை பிடித்தது. தண்ணீர் குளிர்ந்தது. தொட்டி மீன்கள் செவுள் வெளுத்து, அடியில் ஒண்டி, கொத்துக்கொத்தாகச் செத்தன. அவள் ஓடி வந்து, செத்தவற்றைச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் செய்தாள். வலை, வாளி எல்லாவற்றையும் மருந்துத் தண்ணீரில் ஊறவைத்தாள். பிறகு குளத்து மீன்களைச் சோதித்தாள். கோடு அசையவே இல்லை.

"ஒண்ணுமில்லண்ணே. குளம் சுத்தம்."

அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

அடுத்து நடந்த பண்ணைக்காரர்கள் கூட்டத்தில் அவன்தான் முதலில் எழுந்தான். "இனிமே என் தங்கச்சி பாக்காத மீன் என் குளத்துல இறங்காது. நீங்களும் அவகிட்ட காட்டிட்டு விடுங்க" என்றான்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலைகுனியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, "உயிரோட கொண்டு வாங்க, செத்ததுக்கப்புறம் தூக்கிட்டு வராதீங்க" என்றாள்.