எண்ணூரிலிருந்து ஒரு விடுதி அறைக்கு

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு எங்கள் குப்பத்து முனையில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. என் தோளில் துணிப் பை, நெஞ்சோடு அணைத்த சான்றிதழ்க் கோப்பு. அம்மாவிடம் பாய், தலையணை, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி.

"இன்னாக்கா, வூட்ட காலி பண்ணிகினு போறியா?" என்றார் ஓட்டுநர்.

"எம் பொண்ணு பெரிய காலேஜி ஆஸ்டலுக்குப் போவுது. வண்டிய எடுப்பா."

"ரூமு குட்த்துட்டாங்களா?"

"குடுக்காம எங்க போவாங்க?"

அறை இன்னும் கிடைத்திருக்கவில்லை. கிடைத்திருந்தது படிப்பதற்கான இடம் மட்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் கெமிக்கல் டிப்ளமோ முடித்தேன். நல்ல மதிப்பெண். நகரின் தென்பக்கத்தில் இருக்கும் பெரிய பல்கலைக்கழகத்தில் நேரடியாக இரண்டாம் ஆண்டு பொறியியல் சேரக் கலந்தாய்வில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "ரூமு கெடச்சா சேரு. இல்லாங்காட்டி வேணாம். ராவுல அந்த லாரி ரோட்டுல உன்ன வுட மாட்டேன்." கடலுக்குப் பயப்படாத மனிதர் அவர். அந்தச் சாலைக்குப் பயப்படுவார்.

ஏன் என்பது அங்கே வந்து பார்த்தவர்களுக்குப் புரியும். எங்கள் குப்பத்திலிருந்து விம்கோ நகர் ஐந்து கிலோமீட்டர்தான். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால், ஐந்து கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று ஐம்பது நிமிடம் ஆனது. லாரிச் சக்கரம் எங்கள் தலை உயரத்துக்கு, கை நீட்டினால் தொடும் தூரத்தில். இறங்கும்போது தலைக்கு முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, "வாளிக்கு டிக்கெட் ஃபிரீக்கா" என்றார் ஓட்டுநர்.

அம்மா மெட்ரோவில் ஏறுவது அதுதான் முதல் முறை. சின்னமலை நிலையத்துக்குத் தலைக்கு ஐம்பது ரூபாய். சோதனை இயந்திரத்துக்குள் எங்கள் வாளி ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்ததை நின்று ரசித்தார். மேம்பாலத்தில் வண்டி கிளம்பியதும் சன்னல் கண்ணாடியில் முகத்தைப் பதித்துக்கொண்டார். கீழே திருவொற்றியூர்த் தெருக்கள். காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, அந்தத் தெருக்களில்தான் அம்மா கூடை சுமந்து விற்கிறார்.

"அட, இத்தினூண்டு தெருவா இது?" என்றார் அம்மா. "நடக்க சொல்ல மட்டும் முடியவே மாட்டேங்குது!"

எதிர் இருக்கையில் இருந்த அலுவலகப் பெண் சிரித்துவிட்டு, எங்கே போகிறோம் என்று கேட்டார். அம்மா பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்ன விதத்தில் அந்தப் பெட்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது. தண்டையார்ப்பேட்டைப் பக்கம் வண்டி பூமிக்குள் இறங்கியதும் அம்மா என் கையைப் பிடித்தார். சைதாப்பேட்டை தாண்டி வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் விட்டார்.

எட்டு மணிக்கு முன்பே வாசலில் இருந்தோம். முதல் முறை போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அந்த வளாகம் ஓர் ஊர். வாசலிலிருந்து சான்றிதழ் சரிபார்க்கும் கூடத்துக்கு நடக்கவே கால் மணி நேரம் ஆகிறது. வழி முழுக்க மரங்கள். சிவப்புக் கட்டிடங்கள். அம்மா ஒவ்வொரு கட்டிடத்தையும் காட்டி, "இதுலயா படிக்கப் போற?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். மூன்றாவது முறையிலிருந்து எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். சரிபார்ப்பு பத்தே நிமிடத்தில் முடிந்தது. கோப்பைத் திருப்பித் தந்தவர், "வாழ்த்துகள்மா" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவ்வளவு தூரம் வரலாம்.

பதினோரு மணிக்குப் பெண்கள் விடுதித் தாழ்வாரம். நாற்காலி போதாமல் பாதிப்பேர் நின்றிருந்தோம். விடுதிக் காப்பாளர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பெயர்களை வாசித்தார். கண்ணாடி அணிந்த, குரல் உயர்த்தாத பெண்மணி. பெயர் வந்தவர் போய்க் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்க வேண்டும்.

"கலைமதி, எண்ணூர்."

நான் வாய் திறப்பதற்குள் அம்மா என் மணிக்கட்டை இறுக்கினார். "இரு. மொத தரத்துக்கே வாயத் தொறக்காத."

"அம்மா, என் பேரு..."

"தெரியுது. ஆசையக் காட்டினா ஏமாத்திடுவானுங்க. மூணாந்தரம் கூப்புட சொல்ல போ."

காசிமேட்டில் அதுதான் முறை. ஏலக்காரர் கூவும்போது முதலில் பாய்கிறவளுக்கு விலை ஏறும்; பார்க்காத மாதிரி நின்று, மூன்றாம் தரத்துக்குக் கை தூக்குகிறவள்தான் கெட்டிக்காரி. அம்மா இருபது வருடமாக அப்படித்தான் மீன் எடுக்கிறார். நான் கையை உதறிக்கொள்வதற்குள் காப்பாளர் அடுத்த பெயருக்குப் போயிருந்தார். அந்த மேசையில் இரண்டாம் தரம் என்று ஒன்று இல்லை.

ஓடிப்போய் நின்றேன்.

"கூப்பிட்டப்போ எங்கே போனீங்க?"

"இங்கதாம்மா நின்னுகினு இருந்தோம்," என்றார் பின்னாலேயே வந்த அம்மா. "மூணு தரம் கூப்புடுவீங்கன்னு பாத்தோம்."

"மூணு தரமா? இது என்ன ஏலமா?"

"எங்களுக்கு அதானம்மா தெரியும்."

தாழ்வாரம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருத்தி, "இன்னாம்மா கண்ணு!" என்று எங்கள் பேச்சைப் போலவே பேசிக் காட்டினாள். என் காது சுட்டது. அம்மாவுக்குக் கேட்டதா தெரியவில்லை. வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

காப்பாளர் சிரிக்கவில்லை. "விட்டுப்போனவங்களுக்குக் கடைசியிலதான். அதுலயும் வெளியூர்ப் பிள்ளைங்களுக்குத்தான் முதல்ல. எண்ணூர் மாநகராட்சிக்குள்ளதானே வருது? நீங்க சென்னை."

ஒரு மணி நேரம் சுவரோரம் நின்றோம். தேனி போனாள், தர்மபுரி போனாள், ராமநாதபுரம் போனாள். கடைசியில் ஒரே இடம் மிச்சம் இருந்தது. மூன்று பேர் நின்றோம்: வேளச்சேரிப் பெண், தாம்பரத்துப் பெண், நான். விடுதிக் கணக்கில் எல்லோருமே சென்னை. காப்பாளர் எங்களைப் பார்த்து, "ஏன் விடுதி வேணும்? ஆளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க," என்றார்.

மற்ற இருவரும் ஆங்கிலத்தில் சொன்னார்கள். நானும் மனதுக்குள் ஆங்கிலத்தில் ஒன்று தயார் செய்திருந்தேன். பின்னாலிருந்து பேசிக் காட்டியவள் சாவி வாங்கியும் போகாமல் அங்கேதான் இருந்தாள். ஆங்கிலத்தை விட்டுவிட்டேன்.

"மேடம், உங்க லேப் முடிய சொல்ல ஆறு மணி ஆவும். விம்கோ நகர் வரிக்கும் மெட்ரோ கீது, அதுல கஷ்டமில்ல. அதுக்கப்புறம் ரோடு மொத்தமும் லாரி. ஆட்டோ நின்னுபூடும். எறங்கி, ரெண்டு லாரிக்கு நடுவால இருட்டுல நடந்துதான் வூட்டுக்குப் போவணும். எங்க நைனா அதுக்கு வுட மாட்டாரு. ரூமு இல்லன்னா எனக்குப் படிப்பே இல்ல மேடம்." மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொன்றையும் சொன்னேன். "பொறந்ததுலேர்ந்து எங்கள யாரும் சென்னைன்னு சொன்னதே இல்ல. பவர் ஹவுசு சாம்பல் பறக்க சொல்ல எண்ணூரு. வெள்ளம் வந்தா எண்ணூரு. ரூமு கேக்க சொல்ல மட்டும் சென்னையா மேடம்?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. காப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேளச்சேரிப் பெண்ணின் வீட்டுக்குப் பேருந்து எத்தனை நிமிடம், தாம்பரத்துக்கு ரயில் எத்தனை மணி வரை என்று கேட்டார். பிறகு பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"வா, கையெழுத்துப் போடு. உங்கம்மாகிட்ட சொல்லு, மூணாந்தரத்துக்குப் போயிடுச்சு."

மூன்றாம் மாடி, மூன்று பேர் தங்கும் அறை. சன்னலோரக் கட்டில் எனக்கு. அம்மா முதலில் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், அப்புறம் குழாயைத் திறந்து பார்த்தார். உப்பில்லாத தண்ணீர். இரண்டு கைகளிலும் ஏந்தி முகம் கழுவிக்கொண்டார். அறைத் தோழியான தேனிப் பெண், "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டதும், அவளுக்கு மீன் எதெல்லாம் பிடிக்கும் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அப்பாவுக்கு நான்தான் போன் செய்தேன். அந்தப் பக்கம் படகு இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சு நைனா."

இன்ஜின் நின்றது. அப்புறம் என்னிடம் இல்லை, படகில் இருந்தவர்களிடம் அவர் கத்தியது கேட்டது: "டேய், எம் பொண்ணுக்கு ரூமு குட்த்துட்டாங்கடா!"

மூன்று மணிக்கு அம்மாவை மெட்ரோவில் ஏற்றிவிட்டேன். தனியாகப் போய்விடுவாயா என்று கேட்டதற்கு, "தெருவ மேலேர்ந்து பாத்துட்டேன்ல, இனிமே இன்னா பயம்," என்றார். கதவு மூடியதும் கண்ணாடிக்குப் பின்னால் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

மாலை ஏழு மணிக்கு விடுதியிலிருந்து நூலகத்துக்கு நடந்தேன். எண்ணூரில் அந்த நேரத்தில் நான் ஒரு நாளும் தனியாகச் சாலையில் கால் வைத்ததில்லை. இங்கே விளக்குகளுக்குக் கீழே பெண்கள் இருவரும் மூவருமாகச் சாலை நடுவில் பேசிக்கொண்டு போனார்கள். யாரும் ஒதுங்கவில்லை. ஓரமாகவே நடந்து பழகிய நானும் மெல்ல நடுவுக்கு வந்தேன். நூலகம் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. உள்ளே போகாமல் அதைச் சுற்றிக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் நடந்தேன்.