எட்டாம் கட்டளை

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறேன். பத்தாவது வரை படித்தவள். பெரியவர்கள் நாலு பேர் கூடினால் எனக்குப் பேச்சு வராது. பிள்ளைகளிடம் வரும். அதைப் பார்த்துத்தான் ஃபாதர் இந்த வேலையைக் கொடுத்தார். மற்ற நாட்களில் பாம்பனுக்குக் கருவாடு காயப்போடப் போவேன்.

அன்றைக்கு எட்டாம் கட்டளை நடத்தினேன். பொய்ச்சாட்சி சொல்லாதே.

"அடி விழும்னு தெரிஞ்சாலும் உண்மையத்தான் சொல்லணும்" என்றேன்.

நாலாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "சொன்னா சாமி பாத்துக்கிருவாரா டீச்சர்?"

"பாத்துக்கிருவாரு."

அந்த வாரமே வனத்துறைக்காரர்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். கடல் அட்டை பிடிக்க அரசாங்கத் தடை இருக்கிறது. வலை வெறுமையாக வரும் நாட்களில் அதைப் பிடித்து, அவித்துக் காயவைத்துக் கள்ளத்தனமாக விற்பவர்களும் இருக்கிறார்கள். என்னிடம் கேள்வி கேட்ட பிள்ளையின் அப்பா அவர்களில் ஒருவர். அம்மா தண்ணீருக்குப் போயிருந்த நேரம். அட்டை எங்கே என்று அதிகாரி கேட்டதும் பிள்ளை அவரை ஆட்டுக்கொட்டிலுக்குக் கூட்டிப்போய், தழைக்கு அடியில் இருந்த சாக்கைக் காட்டிவிட்டாள். அப்பாவை ராமநாதபுரம் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

பிள்ளைகள் அவளை யூதாஸ் என்று கூப்பிட்டார்கள். தவக்காலத்தில் நான் சொன்ன கதைதான். குழாயடியில் அவள் தலை தெரிந்தால் பெண்கள், "அடியே, சிஐடி வாரா, கொழம்புச் சட்டிய மூடுங்கடி" என்று சிரிப்பார்கள்.

அவள் அம்மா ஒரு நாள் கருவாடு காயப்போடும் இடத்துக்கே என்னைத் தேடி வந்தாள். சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சத்தமே போடவில்லை.

"ஏக்கா, நீங்க யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டீகளே. எம்புள்ளகிட்ட மட்டும் ஏங்க்கா பேசுனீக?"

கையில் இருந்த சாளை மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே நின்றேன்.

அந்தப் பிள்ளை மறைக்கல்விக்கு வருவதை விடவில்லை. கடைசியில் தனியாக உட்காருவாள். ஒரு நாள் எல்லாரும் போனபிறகு கேட்டாள்.

"நான் செஞ்சது பாவமா டீச்சர்?"

"இல்ல."

"பெறகு ஏன் எங்கூட யாரும் வெளையாட மாட்டேங்குறாக?"

கரும்பலகையை அழித்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அப்பா ஜாமீனில் வந்தார். அடிப்பார் என்று தெருவே காத்திருந்தது. அவர் கை ஓங்கவில்லை, அவளோடு பேசவும் இல்லை. அவள் கொண்டுவந்து வைக்கிற தண்ணீரைக் குடிக்காமல், தானே எழுந்துபோய்க் குடத்தில் மொண்டு குடிப்பாராம். "அதுக்குப் பதிலா ரெண்டு அடி அடிச்சிருக்கலாம்" என்று அவள் அம்மா குழாயடியில் சொன்னாள்.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாடம் நடந்துகொண்டிருந்தது. அவள் வீட்டுப் பக்கமிருந்து காற்றில் அட்டை அவிக்கிற வாடை வந்தது. எங்களுக்கெல்லாம் தெரிந்த வாடை. கோயில் வாசலில் ஜீப் வந்து நின்றது. அதே அதிகாரி. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"பாப்பா, நீ உண்மை பேசுற பிள்ளையாச்சே. அங்க என்னம்மா அவியுது?"

அவள் என்னைப் பார்த்தாள். வகுப்பு முழுவதும் அவளைப் பார்த்தது. நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பேச்சு வரவில்லை.

"நண்டு அவிக்கிறாக சார்" என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அதற்குள் பின்வரிசையில் ஒரு பெரிய பிள்ளை நழுவி அந்த வீட்டுப் பக்கம் ஓடிவிட்டாள். அவர்கள் போய்ப் பார்த்தபோது அடுப்பில் நண்டுதான் கொதித்தது என்று பிறகு சொன்னார்கள்.

ஜீப் போனதும் அவள் அப்பா கொட்டகை வாசலுக்கு வந்தார்.

"வா தாயி, வீட்டுக்குப் போவோம்."

தூக்குகிற வயதில்லை அவளுக்கு. தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். குழாயடியில் ஒருத்தி, "எங்க ஆத்தாள்ல!" என்று அவள் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு பிள்ளை அழுதாள்.

அடுத்த ஞாயிறு அவள் முதல் வரிசையில், இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். பத்துக் கட்டளைகளையும் சொல்லச் சொன்னேன். எட்டாவதையும் தடுமாறாமல் சொன்னாள்.

"சரி, உக்காரு" என்றேன்.